பதினெட்டு நெருப்பு கண்ட பொன்

ஆக்ரா செல்லும் நம்மவர்கள் தாஜ்மகாலைக் கண்டபின், ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபதேபூர் சிக்ரிக்கும் செல்வர். புலந்த் தர்வாசாவை அண்ணாந்து நோக்கி வியப்பர், ஷைகு சலீம் சிஷ்தி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்வர், திரும்பிவிடுவர். அடியேனோ கூட்டம் நாடாத வேறோர் இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

நவ்பத் கானாவைக் கடந்து திவானே ஆம் நோக்கிச் செல்லும் வழியில், பெருமுற்றத்தைச் சுற்றி வளைவுக் கூரை அறைகள் கொண்ட கட்டடம் ஒன்று சிதைந்து நிற்கிறது. 'தக்சால்' என்பர், நாம் தங்கசாலை என்பதும் அச்சொல்லின் மறுவடிவமே. அது அரசின் வேறு தொழிற்கூடமாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளரும் உளர். எனினும், இந்நகரில் அக்கசாலை இயங்கியதில் ஐயமில்லை. 1577-ல் அக்பர் அதன் தலைமையை ஓவியர் குவாஜா அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார்.

அக்கசாலையின் நடைமுறையை அபுல் ஃபஸ்ல் தமது 'ஆயினே அக்பரி'யில் விரிவாக எழுதியுள்ளார். கலப்புப் பொன்னை மெல்லிய தகடுகளாக்குவர். ஒருவகை உப்பும் சுடாத செங்கல்லின் தூளும் கலந்து, தகடுகளுக்கிடையே பரப்பி அடுக்குவர். வறட்டியால் மூடி, இளந்தீயில் எரியவிடுவர். பொன்னில் கலந்திருந்த வெள்ளி மெல்ல மெல்ல அந்தக் கலவைக்குள் இறங்கிவிடும். பொன் மட்டும் எஞ்சும். ஆறு கலவை, பதினெட்டு நெருப்பு! பின்னர் ஒரு தகட்டை ஒடித்துப் பார்ப்பர். மென்மையான ஓசை எழுந்தால் தூய்மை. கரகரத்தால் மேலும் மூன்று நெருப்பு. இறுதியில் உரைகல் தீர்ப்புச் சொல்லும். வெள்ளி கலந்த அந்தச் சாம்பலையும் வீணாக்காமல், அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்தனர்.

நெருப்பினும் என்னைக் கவர்ந்தது அங்கிருந்த நிருவாகம். எல்லோரையும் தத்தம் பணியில் நிறுத்தத் தாரோகா. மாற்று அறிய ஸைரஃபி. அன்றாடச் செலவை நாட்குறிப்பில் பதிய முஷ்ரிஃப். இவர்களுக்கிடையே பிணக்கு நேராமல் நீதி காக்க அமீன். நண்பரும் பகைவரும் தம் பக்கம் சாய்ப்போம் என்று நம்ப இயலாத நடுநிலையாளரே அமீனாக இருத்தல் வேண்டுமாம்!

இத்தனை காவல் எதற்கு? அதே நூலே விடை கூறுகிறது. தக்கணத்தில் வழங்கிய 'ஹூன்' என்னும் பொற்காசு பத்து மாற்று என்று நம்பப்பட்டு வந்தது. அக்பர் காலத்தில் எட்டரை என முடிவாயிற்று. சுல்தான் அலாவுத்தீனின் சிறு தீனார் பன்னிரண்டு எனக் கருதப்பட்டது, உண்மையில் பத்தரைதான்.

இதை எண்ணியபோது என் உம்மாவின் வளையல் நினைவுக்கு வந்தது. தங்கையின் நிக்காஹ் செலவுக்காக அதை விற்கச் சென்றேன். உரைத்துப் பார்த்த கடைக்காரர், வாங்கியபோது சொல்லப்பட்ட மாற்று அதில் இல்லை என்றார். எதிர்பார்த்த தொகையில் கால்பங்கு குறைந்தது. வீடு திரும்பி விவரம் சொன்னேன். உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க வாப்பா என்ன, உரைச்சுப் பாத்தா வாங்குனாங்க? நம்பித்தானே வாங்குனாங்க!" என்றார்கள். எஞ்சிய தொகைக்குக் கடன் வாங்கினோம்.

அன்று அந்த வணிகர் மீது எனக்குச் சினம் மிகுந்தது. சிக்ரியின் முற்றத்தில் நின்றபோதோ, என்னையே நான் கேட்டுக்கொண்டேன். எங்கள் மத்ரஸாவின் வரவு செலவுக் கணக்கு பல்லாண்டுகளாக என்னிடமே இருந்து வந்தது. "ஹஜ்ரத்திடம் என்ன கணக்குக் கேட்பது?" என்று எவரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. அதை என் நேர்மைக்குக் கிடைத்த சான்றிதழாகவே நான் எண்ணியிருந்தேன்.

ஊர் திரும்பிய வாரமே ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். இப்போது மாதந்தோறும் இருவர் வந்து, ஒவ்வொரு ரசீதையும் சரிபார்த்துக் கையொப்பமிடுகின்றனர். முதல் மாதமே, நான் பதிய மறந்த 340 ரூபாய் வரவு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். முகம் சிவந்தது உண்மையே. ஆயினும் அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன், அல்ஹம்துலில்லாஹ்.