எதற்கு வேண்டும் என்று கேட்கும் நாடு

ஓட்லாண்ட்ஸ், டாஸ்மேனியா

அன்புள்ள மங்கை,

போர்ட் ஆர்தர் கைதிகள் சிறையைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரிட்டிஷார் 1830இல் தொடங்கி 1877இல் மூடிய தண்டனைக் குடியிருப்பு அது. அது இருக்கும் தீபகற்பத்துக்குள் நுழையும் ஒடுங்கிய நிலத்துண்டில் வரிசையாக நாய்களைக் கட்டிவைத்துக் காவல் காத்திருக்கிறார்கள். கடலோரப் புல்வெளியில் கூரை போன செங்கல் சிறை இன்றும் நிற்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. அதே வளாகத்தில் கூரையில்லாமல் நிற்கும் இன்னொரு கட்டடத்தைப் பற்றி.

அது பிராட் ஆரோ என்ற கஃபேயாக இருந்தது. 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்த 28 வயது இளைஞன் ஒருவன் பையிலிருந்து செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினான். கஃபேயிலும் அதை ஒட்டிய கடையிலும் இரண்டு நிமிடத்துக்குள் 20 பேர் செத்துப்போனார்கள். வெளியே வந்தும் சுட்டான், சாலையிலும் சுட்டான். மொத்தம் 35 உயிர். அதில் ஒரு தாயும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அடக்கம். மூத்தவளுக்கு 6 வயது, இளையவளுக்கு 3. அந்தக் குழந்தைகளின் பெயரில் அலானா அண்ட் மேடலின் அறக்கட்டளை, வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்காக இன்றும் வேலை செய்கிறது. சுட்டவன் ஆயுள் முழுக்க வெளியே வர முடியாதபடி சிறையில் இருக்கிறான். அவன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

கஃபேயை முழுவதுமாக இடிக்காமல் சுவர்களை மட்டும் விட்டு, பக்கத்தில் ஒரு நீர்த்தொட்டியும் தோட்டமும் அமைத்திருக்கிறார்கள். ஊழியர்களிடம் அந்த நாளைப் பற்றி விசாரிக்க வேண்டாம் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்களை அன்று பறிகொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. அதனால் நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதன் வழியே பார்த்தால் ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடக்கிறார்கள். அப்படித்தான் அன்றும் நடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை.

இந்தச் சாவுகளை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 1987இல் மெல்போர்னில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு படுகொலைகள்: ஹாடில் தெருவில் 7 பேர், குவீன் தெருவில் 8 பேர். அந்த டிசம்பரில் மாநில முதல்வர்களான பிரீமியர்கள் கூடிப் பேசினார்கள். நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்பதற்கு டாஸ்மேனியாவும் குவீன்ஸ்லாந்தும் இசையவில்லை. அப்போது நியூ சவுத் வேல்ஸ் பிரீமியராக இருந்த பேரி அன்ஸ்வொர்த், டாஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடந்தால்தான் இந்த நாட்டில் துப்பாக்கிச் சீர்திருத்தம் வரும் என்று மனம் வெறுத்துச் சொல்லிவிட்டுப் போனார். எட்டு ஆண்டுக்குச் சற்று மேல் கழித்து அது அப்படியே நடந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததும் வேறெங்கும் அதிகம் நடக்காத ஒன்று. ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலதுசாரிக் கூட்டணிக்காரர், துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்து விவசாயிகள் அவருடைய சொந்த ஓட்டு வங்கி. துப்பாக்கிச் சட்டம் மாநிலங்களின் கையில் இருந்தது. இறக்குமதியைத் தடுப்பதைத் தவிர மத்திய அரசால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒத்து வராவிட்டால் மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்புக்குப் போவேன் என்று மிரட்டியே அவர் மாநிலங்களை வழிக்குக் கொண்டுவந்தார். படுகொலை நடந்த 12ஆம் நாள், மே 10 அன்று, எல்லா மாநிலங்களும் தேசியத் துப்பாக்கி உடன்படிக்கைக்குச் சம்மதித்தன. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் என்று வைத்துக்கொள். கமிஷன், அறிக்கை, மறு ஆய்வு என்று இழுத்திருந்தால் துக்கம் ஆறியிருக்கும், சட்டமும் கரைந்திருக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் சில குறிப்பிட்ட தேவைகளுக்குத் தவிரத் தடை. எல்லாத் துப்பாக்கியையும் பதிவு செய்ய வேண்டும். வாங்க 28 நாள் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. துப்பாக்கி கேட்கிறவர் அது எதற்கு என்று தக்க காரணம் காட்ட வேண்டும். பயிரையும் ஆட்டையும் காக்க என்றால் சரி, குறிபார்க்கும் சங்கத்தில் உறுப்பினர் என்றால் சரி. தற்காப்புக்கு என்று சொன்னால் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் மேல் உள்ள பயம் துப்பாக்கி வாங்கக் காரணமாகாது என்று ஒரு நாடே எழுதிவைத்திருக்கிறது, மங்கை. அமெரிக்காவில் விவாதம் முழுக்க முட்டிக்கொண்டு நிற்பது இந்த ஒரே இடத்தில்தான்.

நான் இப்போது தங்கியிருப்பது ஒரு செம்மறிப் பண்ணை வீட்டில். பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வல்லபி என்கிற சின்னக் கங்காரு இரவில் கூட்டமாக வந்து மேய்ச்சலை மொட்டையடித்துவிடுகிறது, அதற்குத்தான் துப்பாக்கி. கேட்டதும் காட்டினார். செங்கல் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி, உள்ளே இரண்டே துப்பாக்கி. தோட்டாக்களுக்கு வேறொரு பெட்டி, அதற்குத் தனிப் பூட்டு. போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போவதும் உண்டாம். அந்தக் காலத்தில் செமி ஆட்டோமேட்டிக் ஒன்று வைத்திருந்தாராம். தடை வந்து அதை அரசிடம் விலைக்கு ஒப்படைத்தபோது எவனோ செய்த பாவத்துக்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கொதித்ததாகச் சொன்னார். வந்த பணத்தில் வேலி போட்டார். அந்த வேலி இன்னும் இருக்கிறது, கோபம் போய்விட்டது என்றார்.

அந்தப் பணத்துக்கும் கதை உண்டு. நியாயமான விலை கொடுக்காமல் மத்திய அரசு யாருடைய உடைமையையும் எடுத்துக்கொள்ள அரசியல் சட்டம் விடாது. ஆகவே மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு மட்டும் 1.5 சதவீதத்திலிருந்து 1.7 ஆக்கி நிதி திரட்டினார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் கொடுத்தார்கள். ஏறக்குறைய 6.5 லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன, நொறுக்கப்பட்டன.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. விக்டோரியாவின் சேல் ஊரில் கூட்டத்தில் பேச ஹோவர்ட் கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு போனார். அப்படிப் போனதற்குப் பின்னாளில் வருந்தினார். துணைப் பிரதமர் டிம் ஃபிஷர் கிராமத்தாரின் கட்சியான நேஷனல் கட்சியின் தலைவர். தன் ஆட்களிடமே ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அவருக்கே கொடும்பாவி கட்டினார்கள். என் மதிப்பில் இந்தக் கதையின் நாயகர் அவர்தான். எதிரியிடம் வாதாடுவது சுலபம். ஓட்டுப் போட்ட சொந்தக்காரனிடம் போய் உன் துப்பாக்கியைக் கொடு என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும்.

பலன் என்ன என்று கேட்பாய். 1996 வரையிலான 18 ஆண்டுகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்கள் 13. அடுத்த 22 ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை, 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பமே அழியும் வரை. துப்பாக்கிச் சாவுகள் முன்பே குறைந்துகொண்டுதான் வந்தன, சட்டத்தால் எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பகுதி தற்கொலை. அதுவும் வேகமாக இறங்கியது. ஒரு கெட்ட ராத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாததால் மறுநாள் காலையைப் பார்த்தவர்கள் எந்தக் கல்வெட்டிலும் வரமாட்டார்கள்.

பிறகு நாடு கொஞ்சம் அயர்ந்துவிட்டது. நொறுக்கியதை விட அதிகமாக வாங்கிச் சேர்த்துவிட்டார்கள். பதிவான துப்பாக்கிகள் இன்று 40 லட்சத்தைத் தாண்டும். 2025 டிசம்பர் 14 அன்று சிட்னி போண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் தந்தையும் மகனுமாகச் சுட்டு 15 பேரைக் கொன்றார்கள். தந்தையிடம் முறையான லைசென்ஸ், ஆறு துப்பாக்கி. எதற்கு என்று கேட்ட சட்டம் எத்தனை என்று கேட்கவில்லை. அந்த மாதமே நியூ சவுத் வேல்ஸ் உச்சவரம்பு கொண்டுவந்தது: ஒருவருக்கு நான்கு, விவசாயி போன்றோருக்குப் பத்து. மேற்கு ஆஸ்திரேலியா அதற்கு முன்பே செய்திருந்தது.

1996இல் ஒப்புக்கொண்ட பதிவு, மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகவே கிடந்தது. ஒரு மாநிலத்தில் சந்தேகத்துக்கு ஆளானவரைப் பற்றி அடுத்த மாநிலப் போலீஸ்காரருக்கு உடனே தெரிய வழியில்லை. 2022இல் குவீன்ஸ்லாந்தின் வியாம்பிலாவில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் உட்பட ஆறு பேர் செத்த பிறகுதான், 2023 டிசம்பரில், நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று முடிவெடுத்தார்கள். 2028இல் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். பெரியவர் அதற்குத் தன் இரண்டு துப்பாக்கியின் எண்களையும் ஒரு தாளில் எழுதித் தயாராக வைத்திருக்கிறார்.

அன்புடன்,
வசந்தா