இலை உதிரும் மாதத்தில் கோலகெட்டில்

நம் நாட்டில் இலையுதிர் காலம் உண்டா? பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், "இல்லை டீச்சர், அது குளிர் நாட்டில்தான் வரும்" என்பார்கள். நாள்காட்டிப் படங்களில் பார்த்த சிவந்த மரங்கள்தான் அவர்கள் மனத்தில் இருக்கின்றன. நான் பணியாற்றும் கீழ்ப் பேராக் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. செம்பனை ஒட்டுமொத்தமாக இலை கொட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பச்சைதான். ஆகவே அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நமக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டென்று. தைப்பூசம் நெருங்கும்போது வடக்கே வெயில் ஏறும், காற்று காயும். தை, மாசி மாதங்களில் ரப்பர் மரங்கள் பழுத்து, சிவந்து, கடைசியில் மொட்டையாக நிற்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் கெடாவில் உள்ள என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போய் அந்தக் காட்சியை மீண்டும் கண்டேன். அதைவிட முக்கியமாக, அந்த மாதத்தில் ஒரு வீடு எப்படி இயங்குகிறது என்பதையும் கண்டேன். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கோலகங்சார் வழியாக

ஈப்போவில் ரயில் ஏறினேன். வழியில் கோலகங்சார் வருகிறது. ரப்பரை நம்பி வாழ்ந்த குடும்பத்தார் எவரும் அந்த ஊரைச் சும்மா கடந்து போகலாகாது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பதை ஹியூ லோ என்ற அதிகாரி கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் வேலி கட்டிக் காக்கப்படுகிறது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்ததற்கும், லயத்தில் குடியேறியதற்கும், விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றதற்கும் அந்தக் கன்றுகள் ஒரு காரணம் அல்லவா?

தைப்பிங் தாண்டி, புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும்போது இரு பக்கமும் தண்ணீர்தான். பிறகு கெடா. சுங்கைப் பட்டாணியை நெருங்கும்போது ஜெராய் மலை தெரிகிறது. பழைய கடாரம் என்று வரலாற்றாசிரியர்கள் கூறும் பூஜாங் பள்ளத்தாக்கு அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து கிழக்கே பாலிங் போகும் சாலையில் கோலகெட்டில் என்ற சிற்றூர். கெட்டில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். அந்தப் பக்கத்தில் இன்னும் சிறு சிறு ரப்பர்க் காடுகள் மிஞ்சியிருக்கின்றன.

மரம் ஓய்வெடுக்கும் மாதம்

அக்காளின் வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையில் இறங்கியதும் என் காலடியில் சருகுகள் நொறுங்கின. மேலே பார்த்தால் கிளைகளுக்கிடையே வானம் முழுதும் தெரிந்தது. மற்ற மாதங்களில் பகலிலும் இருண்டு கிடக்கும் காடு அது. சில மரங்களில் பழுத்த இலைகள் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கின. சில மரங்கள் முற்றும் மொட்டை. முந்திக்கொண்ட மரங்களில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருந்தது. அந்தக் கொழுந்தில் மூன்று இலைகள் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. அதில் தேன் கசியும். அதற்காகத் தேனீக்கள் கூட்டமாக வரும். பூக்குமுன்பே இலையில் தேன் தரும் மரம் நம் பால்மரம்.

வறட்சியில் மரம் பழைய இலையைக் கழித்துவிட்டுப் புதிய இலை விடுகிறது. அதற்கு, தான் சேமித்து வைத்த உணவையெல்லாம் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் பால் குறையும். விடாமல் வெட்டினால் மரம் நலியும். எனவே அனுபவசாலிகள் புதிய இலை முற்றும்வரை உளியை வைத்துவிடுவார்கள்.

மரத்துக்கு ஓய்வு சரி, அடுப்புக்கு ஓய்வு உண்டா? அதுதான் கேள்வி. என் அக்காள் வேறொருவர் காட்டில் பங்குக்குப் பால் வெட்டுகிறார். கட்டிப்பால் விற்ற காசில் பாதி மரக்காரருக்கு, பாதி இவருக்கு. வெட்டில்லை என்றால் காசில்லை. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த தோட்டத்திலும் இதே கதைதான். இலை விழும் மாதத்தில் பால் எடை குறையும், சம்பளக் காசும் சுருங்கும், கடைக்காரரின் கடன் புத்தகம் நீளும். ரப்பரை நம்பியவர்களை வானமும் வாட்டும், விலையும் வாட்டும். 1974-ஆம் ஆண்டின் இறுதியில், ரப்பர் விலை விழுந்து சாமான் விலை ஏறியபோது, இதே பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் பசியை ஊரறியச் சொன்னார்கள்.

வெட்டு நின்ற மாதத்தைக் குடும்பங்கள் எப்படித் தாண்டின? அதற்கு விடை அக்காள் வீட்டு முற்றத்தில் இருந்தது.

முற்றம் நிறைய வேலை

நான் போன அன்று முற்றத்தில் நடக்க இடமில்லை. ஒரு பாயில் மஞ்சள், ஒரு முறத்தில் மோர்மிளகாய், கயிற்றுக் கட்டிலில் வடகம். கூரை நிழலில் துளசியும் முருங்கையிலையும் கட்டுக் கட்டாகத் தொங்கின. வேலியோரத்தில் தென்னை மட்டைகள்.

மஞ்சள் செடிக்கும் இது இலை வாடும் காலம்தான். மேலே தழை காய்ந்து சாய்ந்தால் கீழே கிழங்கு முற்றிவிட்டது என்று பொருள். தோண்டிக் கழுவி, கிழங்கு மெத்தென்று ஆகும்வரை வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் நல்ல வெயிலில் காயவைக்கிறார். ஒடித்தால் 'டக்'கென்று ஓசை வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே டின்னில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

மூலிகைக்கு அவர் வைத்திருக்கும் முறை வேறு. கிழங்கும் மிளகாயும் வெயிலில், இலையெல்லாம் நிழலில். இலையை வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். கையால் கசக்கினால் பொடியாகும் பதம் வந்ததும் மூடி இறுகிய போத்தலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுகிறார். வேப்ப மரத்தில் பூ வந்ததும் அடியில் துணி விரித்து உதிர்ந்த பூவைச் சேர்ப்பாராம். காயவைத்தால் சித்திரைப் புத்தாண்டு ரசத்துக்கு ஆயிற்று. கற்பூரவல்லியை மட்டும் அவர் காயவைப்பதில்லை. தொட்டியில் உயிரோடு இருந்தால் வேண்டியபோது கிள்ளிக்கொள்ளலாம்.

ஓர் ஆசிரியை என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சளிக்கும் அசதிக்கும் கைவைத்தியம் ஓரளவு துணை செய்யும். விடாத காய்ச்சல், மூச்சுத் திணறல், கைக்குழந்தையின் நோய் ஆகியவற்றுக்கு ஆஸ்பத்திரிதான். கொதிக்கும் பானையை வைத்துக்கொண்டு சிறுபிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவும் வேண்டாம். அக்காளும் இதையேதான் சொல்கிறார்.

வறட்சியில்தான் இலவங்காயும் வெடிக்கும். காயை உடைத்துப் பஞ்சைப் பிரிக்கும் வேலையைக் கொசுவலைக்குள் உட்கார்ந்து செய்கிறார் அக்காள். இல்லாவிட்டால் பஞ்சு ஊரெல்லாம் பறக்கும். கவட்டைக் குச்சியால் அடித்துக் கலைத்தால் விதை கனத்தால் அடியில் தங்கும், பஞ்சு மேலே எழும். நெருக்கமாக நெய்த துணியில் தைத்து அடைத்தால் தலையணை ரெடி. அமுங்கிப் போனால் வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், மீண்டும் உப்பும். ஒரே எச்சரிக்கை: இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில் இருக்கட்டும். சருகு நிறைந்த ரப்பர்க் காட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தென்னை மட்டையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து, கத்தியால் சீவி, காயவைத்து, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால் விளக்குமாறு. செம்பனை ஈர்க்கிலும் இதைச் செய்யலாம். என் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனால் இந்தப் பாடம் உடனே பயன்பட்டது.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது இலை நரம்புப் பூ. முற்றிய ரப்பர் இலைகளை, உதிருமுன் பறித்து, மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். நாற்றம் வரும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைச் சதை அழுகியதும் பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் சதை கழன்று, வலை போன்ற நரம்பு மட்டும் நிற்கும். அதை வெளுத்து, சாயம் தோய்த்து, கம்பியில் சுற்றினால் பூ. தொட்டுப் பார்த்தேன். மஸ்லின் துணியைப் போல் இருந்தது. காலில் மிதிபடும் இலைக்குள் இத்தனை அழகு இருக்கிறதே என்று வியந்தேன்.

எழுதப்படாத சம்பளம்

இரவு அக்காளிடம், "இவ்வளவையும் விற்பீர்களா?" என்று கேட்டேன்.

"தலகாணியும் வெளக்கமாறும் கொஞ்சம் விக்கும் தங்கச்சி. மத்ததெல்லாம் வீட்டுக்குத்தான். விக்கிறதுல என்னா இருக்கு? கடையில வாங்காம இருந்தா அதுவும் காசுதானே! எங்கம்மா நாலு புள்ளைங்கள இப்படித்தான் அந்த ரெண்டு மாசம் காப்பாத்துச்சு. அது கையில என்னா சம்பளம் இருந்துச்சு?" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. தோட்டத்துச் செக்ரோலில் எத்தனை பேர் எவ்வளவு பால் கொண்டுவந்தார்கள் என்று எழுதினார்கள். இலை உதிரும் மாதத்தில் நம் தாய்மார் காயவைத்த மஞ்சளையும், அடைத்த தலையணையையும், போத்தலில் போட்ட ஊறுகாயையும் எவரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் பால் வற்றிய மாதத்தைக் குடும்பம் தாண்டியது அந்தக் கைகளால்தான். நாம் இன்று இவற்றைப் பொழுதுபோக்குக் கைவேலை என்று சொல்கிறோம். அன்று அது பாதிச் சம்பளம்.

அக்காளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். நல்ல பெண், வீட்டுக்குப் பணம் தருகிறாள். ஆனால் இரவு வேலை முடிந்து வந்தால் தூங்கவே நேரம் போதவில்லை. மரக்காரரோ, ரப்பரை வெட்டிவிட்டு டுரியான் நடப் போவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த இலையுதிர் காலம் வரை மரங்கள் நிற்குமா என்பது அக்காளுக்கே தெரியாது. "மரம் போனா போவட்டும், அதுக்கும் வயசாச்சு. கை பழகுன வேல போயிடக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

மரம் போவதை நாம் தடுக்க முடியாது. நம் நாட்டில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம் மக்கள் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் மஞ்சள் காயவைக்க ரப்பர்க் காடு வேண்டியதில்லை. வெயில் படும் ஒரு சன்னல் போதும். கற்பூரவல்லிக்கு ஒரு தொட்டி போதும். பழக்கம் விட்டுப் போவதற்குக் காரணம் இடமின்மை அன்று. கேட்பாரில்லாமைதான்.

ஆகவே தாய்மாரே, உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். எந்தக் கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைத்தார், எந்த இலையை எங்கே தொங்கவிட்டார் என்று உங்கள் பிள்ளையை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தமிழும் வளரும், பாட்டிக்கு மதிப்பும் கூடும்.

இலையுதிர் காலத்தைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் பிப்ரவரியில் கெடாவுக்குப் போகலாம். சுங்கைப் பட்டாணி வரை ரயில் உண்டு. அங்கிருந்து பாலிங் சாலையில் காலை வெயில் ஏறுமுன் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். காட்டில் ரப்பர்க் கொட்டை கிடந்தால் விளையாட எடுத்துக் கொள்ளட்டும், வாயில் வைக்க விடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு. சருகின் மேல் நடக்கவிட்டு, இந்த மரத்தடியில்தான் உங்கள் பாட்டி மங்கு கட்டிப் பால் எடுத்தார் என்று சொல்லுங்கள். மரம் ஓய்ந்த மாதத்தில் பாட்டி ஓயவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.