புதினம் ஒன்றுமில்லை

யாழ்ப்பாணத்தவர் ஒருவரையொருவர் கண்டதும் கேட்கும் முதற் கேள்வி, "என்ன புதினம்?" என்பதாகும். நாவல் என்னும் இலக்கிய வகைக்குப் புதினம் என்ற பெயரும் வழங்குகிறது. நம்மவர் பேச்சிலோ அச்சொல் இன்றும் செய்தியையே குறிக்கிறது. கேள்வி எவ்வளவு பழையதோ விடையும் அவ்வளவு பழையது: "ஒரு புதினமுமில்லை." கனடாவில் வாழும் என் மனைவியின் தமையனார் ஞாயிறுதோறும் தொலைபேசியிற் கேட்பதும் இதுவே, நாங்கள் இருவரும் மாறிமாறிச் சொல்லும் விடையும் இதுவே.

பிறப்பு, இறப்பு, திருமணம், காணி வழக்கு, விசா ஆகியன புதினம். காலையில் அடுப்பு மூட்டியதும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியதும், இரவிற் கொப்பி திருத்தியதும் புதினமல்ல. ஆயினும், ஒரு சமுதாயத்தின் வரலாறு எங்கே நடைபெறுகிறது என்று ஆராயப் புகுவோர் இந்தப் புதினமல்லாத பகுதியையும் நோக்கியே ஆகவேண்டும். ஆகவே எங்கள் வீட்டுச் செய்திகள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். எங்கள் வீடு விசேடமானதன்று. ஆயிரக்கணக்கான வீடுகளைப் போன்றது என்பதே அதனை எழுதுவதற்குரிய காரணம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர். நான் தமிழ் கற்பிக்கிறேன். அவர் 11 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாடசாலையிற் கணிதம் கற்பிக்கிறார். எங்களுக்கு 6 வயதில் ஒரு மகள். என் தாயாரும் எங்களோடு இருக்கிறார். காலை 7.30க்குப் பாடசாலை மணி அடிப்பதற்கு முன் புட்டோ இடியப்பமோ அவிந்தாக வேண்டும். தேங்காய் துருவியாக வேண்டும். மதியச் சோறு கட்டியாக வேண்டும். 4.30 மணிக்கு எழுந்தாற்றான் இது இயலும்.

என் மனைவி கணித ஆசிரியைக்குரிய ஒழுங்குடன் செலவுக் கொப்பியொன்றை எழுதி வருகிறார். அண்மையில் 2022ஆம் ஆண்டுக்குரிய பக்கங்களைப் புரட்டினேன். பொருளியல் நூல் எதுவும் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75உம், 2023 பெப்ரவரியில் நூற்றுக்கு 66உம் ஏறியது. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதுண்டு. விலையேற்றத்தின் வேகமும் தணிந்தது. ஆனால் கடைச் சாமான்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இவ்வேற்றத்தை ஈடுசெய்தது எது? சம்பளமன்று. எங்கள் சம்பளம் அவ்வேகத்தில் ஓடக் கற்றுக்கொள்ளவில்லை. கொப்பியைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். எரிவாயு நின்ற மாதத்தில் விறகு வந்தது. விறகுக்கும் விலை ஏறவே பனைமட்டையும் கொக்காரையும் ஊமலும் வந்தன. பெட்டியில் விற்கும் மா நின்றது. வீட்டிலே இடித்து வறுத்த மா வந்தது. கொப்பியிலிருந்து ஒவ்வொரு செலவு வெட்டப்பட்டபோதும் யாரோ ஒருவருடைய ஒரு மணித்தியாலம் அதன் இடத்தில் வைக்கப்பட்டது. அந்த மணித்தியாலத்துக்குக் கொப்பியில் நிரல் இல்லை. நாட்டின் நெருக்கடியை நிதியமைச்சு ஒரு புறத்திற் சுமந்ததென்றால், மறுபுறத்தில் அதனைச் சுமந்தது குசினி.

குசினியிற் சுமந்தவர் யாரென்பதை நாம் அறிவோம். என் தாயார் 71 வயதினர். 16 வயதிலிருந்து அடுப்படியில் நின்றவர். அவரைப் பற்றிக் கேட்டால் உறவினர் சொல்வது, "அவ சும்மா வீட்டிலதான்" என்பது. புள்ளிவிபரமும் ஏறக்குறைய இதனையே சொல்கிறது. தொழிற்படையை அளக்கும் அரசாங்க ஆய்வுகளில், வீட்டுவேலை மட்டும் செய்வோர் பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர் என்னும் பிரிவில் வைக்கப்படுகின்றனர். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017ஆம் ஆண்டில் முதன்முறையாக நேரப் பயன்பாட்டு ஆய்வொன்றை நடத்தியது. கூலியில்லா வீட்டுப் பணியில் ஆண்களைவிடப் பெண்கள் மிகக் கூடிய நேரத்தைச் செலவிடுகின்றனர் என்று அது காட்டிற்று. தாயாருக்கு இதனை வாசித்துக் காட்டினேன். "இதைக் கண்டுபிடிக்க ஒரு திணைக்களம் வேணுமோ?" என்று கேட்டார்.

இலக்கியத்துக்கு வருவோம். குறுந்தொகை 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடிய முல்லைப் பாட்டு. புதுமணப் பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் நிறையப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் அதனை நன்றென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. செவிலி இதனைக் கண்டு வந்து சொல்கிறாள். உயர்தர வகுப்பிலே இதனை விளக்கினேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், அவன் சமைக்க அவள் சாப்பிட்டு நல்லாயிருக்கெண்டு சொல்லுற பாட்டு இருக்கோ?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டின் அழகு பொய்யன்று. புகையையும் கறைபட்ட ஆடையையும் மறைக்காது காட்டிய புலவன் உழைப்பைக் கண்டவனே. ஆனால் அவ்வுழைப்பு யாருக்குரியது என்ற கேள்வி அவன் காலத்தில் எழவில்லை. நம் காலத்தில் எழுந்துவிட்டது. இவ்விரண்டையும் சேர்த்தே நாற்பது நிமிடமும் பேசினோம்.

எங்கள் வீட்டில் அக்கேள்வி இவ்வாண்டு தையில் நேரடியாக எழுந்தது. மனைவி கல்வியியல் முதுமாணிப் படிப்பிற் சேர்ந்தார். வார இறுதியில் விரிவுரை. மாலையில் வாசிப்பும் கட்டுரையும். வீட்டில் ஒரு நாளுக்குள்ள வேலைகளைத் தாளில் எழுதினோம், 31 வந்தன. அவற்றைப் பங்கிட்டு நேரசூசியாக்கிக் குசினிச் சுவரில் ஒட்டினோம். காலைச் சமையலும் சனி ஞாயிறுச் சமையலும் சந்தையும் உடுப்புத் தோய்த்தலும் என்னுடையவை. இரவுச் சமையலும் கணக்கும் மகளின் பாடமும் அவருடையவை. தாயார் முதலில் மனங்கலங்கினார். "ஆம்பிளை குசினிக்கை நிண்டால் சனம் என்ன சொல்லும்?" என்றார். அதற்கு மருமகள், "மாமி, சனம் எங்களுக்குச் சமைச்சுத் தரப்போகுதோ?" என்று கேட்டாள். மூன்றாம் மாதத்தில் என் சொதிக்கு உப்புக் குறைவென்று தாயார் தாமே திருத்தங் கூறத் தொடங்கினார். தமையனார் செய்தியறிந்து, "நல்ல மாப்பிள்ளை, உதவி செய்யிறார்" என்று மெச்சினார். தங்கை உடனே, "அண்ணை, அவர் உதவி செய்யேல்லை, தன்ர வீட்டு வேலையைச் செய்யிறார்" என்றாள்.

இத்துடன் கேள்வி தீர்ந்ததென்று எண்ணுதல் தவறு. இரண்டு மாதச் சம்பளமும் ஒரே நேரத்திற் பாடசாலை விடுதலும் உள்ள இருவர் செய்துகொண்ட உடன்படிக்கை இது. கணவன் இரவெல்லாம் கடலில் நிற்க, விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடும் பெண்ணுக்கு நேரசூசி என்ன செய்யும்? மலையகத் தோட்டங்களிலே பிள்ளைக் காம்பராக்கள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை தோட்டத்துக்குத் தேவைப்பட்டது. ஆகவே அவளுடைய குழந்தைக்கு ஓரிடம் தேவைப்பட்டது. இலாபத்துக்காகச் செய்ய முடிந்ததை மனிதருக்காக ஏன் செய்ய முடியாது? ஊர்தோறும் நல்ல பிள்ளைப் பராமரிப்பு நிலையம், பாடசாலைதோறும் சத்துள்ள மதிய உணவு, வீட்டு வாசலிற் குழாய்நீர், வாழப் போதிய சம்பளம் ஆகியவை வெறும் பெண்கள் விடயமென்று ஒதுக்கத்தக்கவையல்ல. ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் இவை இடம்பெற வேண்டும். 2021இல் சம்பள முரண்பாட்டுக்கெதிராக மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடிய நமக்கு, வீட்டினுள் நடக்கும் சம்பளமில்லா வேலையைப் பற்றிப் பேசும் ஆற்றல் இல்லாமற் போகாது.

என் மனைவியின் முதலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன. இரவில் மேசையின் ஒரு புறத்தில் அவர் புத்தகமும் மறுபுறத்தில் என் மாணவரின் கொப்பிகளும் கிடக்கின்றன. அன்று வகுப்பில் எழுந்த மாணவி கேட்ட பாட்டு நம் தொகைநூல்களில் இல்லாமலிருக்கலாம். அதனை எழுதத்தக்க வாழ்வை வீடுகளில் உண்டாக்குவதே நம் தலைமுறையின் வேலை; எழுதுவோர் அவளுடைய வாங்கிலிருந்தே வருவர்.