நான் மாற்றிச் சொன்ன கதை

ஒரு மாணவி கண்ணால் பார்த்துச் சொன்னதை, அவளுக்கு விளங்கவில்லை என்று சொல்லி வாயடைத்தேன். அவள் சொன்னது சரி என்பது அப்போதே எனக்குத் தெரியும். வாத்தியார் வேலையில் நான் செய்ததிலேயே மோசமான காரியம் இதுதான். காரணம், ஒரு காமிக்ஸ்காரர் மீது நான் வைத்திருந்த பக்தி.

சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவன் நான். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், பிறகு பேட்மேன். கல்லூரிக் காலத்தில் சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' கிடைத்தது. 1986இல் நான்கு பாகங்களாக வந்த கதை. பேட்மேனுக்கு அதில் 55 வயது. பத்து வருடம் ஒதுங்கிக் கிடந்தவன் மறுபடி முகமூடி மாட்டுகிறான். அடிபட்டால் வலிக்கிறது, எழுந்திருக்க நேரமாகிறது. அந்த உடம்பை எழுதி வரைந்த மில்லருக்குக் கதை வெளிவந்தபோது வயது 29. பக்கத்துக்குப் பதினாறு கட்டம் என்று நெருக்கி அடுக்கியிருப்பார். டிவி பெட்டிக்குள் செய்தியாளர்கள் ஓயாமல் பேச, ஊருக்கே முட்டும் மூச்சு படிக்கிறவனுக்கும் முட்டும். அன்றிலிருந்து மில்லர் எனக்குச் சாமி.

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுப் பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகி வந்தபோது, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அந்தப் புத்தகமும் என்னோடு வந்தது. மாலையில் விடுதிப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்வேன். ரத்தம் அதிகமான பக்கங்களைத் தாண்டிவிடுவேன். அவர்களுக்குப் பேட்மேனைவிடக் கேரி கெல்லியைத்தான் பிடித்தது. பதிமூன்று வயதுப் பெண். யாரும் கூப்பிடாமலே, பேட்மேனின் துணையான ராபினின் உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, கையில் உண்டிவில்லோடு கிளம்புகிறாள். உண்டிவில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் திரிந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. 2001 டிசம்பரிலிருந்து 2002 ஜூலைக்குள் மூன்று இதழ்களாக வந்த 'தி டார்க் நைட் ஸ்ட்ரைக்ஸ் அகெய்ன்'. அதை வரவழைத்து, பிள்ளைகளிடம் காட்டுவதற்கு முந்தின இரவு தனியாக உட்கார்ந்து படித்தேன். யோசனைகளில் குறையில்லை. ஜனாதிபதி என்று நாடு நம்பும் ஆள் வெறும் கம்ப்யூட்டர் பிம்பம். பின்னால் ஆட்டுவிப்பவன் வில்லன் லெக்ஸ் லூதர். மின்சாரம் எடுப்பதற்காக, மின்னல் வேகத்தில் ஓடும் நாயகன் ஃப்ளாஷைச் சக்கரத்துக்குள் ஓடவிட்டிருக்கிறார்கள். ஆனால் வரைந்த கை அலட்சியமாக வரைந்திருந்தது. முகங்கள் அவசரக் கிறுக்கல். பின்னணியில் ஊரே இல்லை, கண்ணைக் கூசவைக்கும் கம்ப்யூட்டர் வண்ணம்தான். மில்லருக்கே அப்போது 44 வயது ஆகியிருந்தும், பேட்மேனின் உடம்பிலிருந்து வயது காணாமல் போயிருந்தது. புத்தகத்தை மூடியபோது துக்கம் விசாரித்துவிட்டு வந்தவன் போல இருந்தேன்.

மறுநாள் பிள்ளைகளிடம் பிரமாதம் என்றேன். அதோடு விடவில்லை, கதையை மாற்றினேன். பழைய ராபினான டிக் கிரேசன் இதில் கொலைகாரனாகத் திரும்பி வருகிறான். பேட்மேன் அவனை எள்ளி நகையாடி அழிக்கிறான். என் தமிழில் பேட்மேன் கண்கலங்கினான், டிக் மன்னிப்புக் கேட்டான். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள்தானே என்ற தைரியம். ஆனால் படம் அவர்கள் கண்முன் விரிந்திருந்தது.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், அவர் அழுவுற மாதிரி படத்துல இல்லையே. முத புக்குல கேரி பயந்துகிட்டேதான் குதிச்சா. இதுல சும்மா அதிகாரம் பண்ணிகிட்டே இருக்கா. இது நல்லாவே இல்ல சார்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "வரைஞ்சவர் யாருன்னு தெரியுமா உனக்கு? உலகமே கொண்டாடுற ஆளு. அதெல்லாம் புரியுற வயசு உனக்கு வரல, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கதை நேரத்தில் அவள் வாயே திறக்கவில்லை. மற்றவர்களும் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டப் பழகிக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

2024 ஜூலையில் 'இந்தியன் 2' படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 1996இல் முதல் படத்தை எடுத்த அதே ஷங்கர்தான். இருந்தும் மில்லருக்காக வாதாடியதுபோல அவருக்காக வாதாட எனக்குத் தோன்றவில்லை, ஆமாம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏனென்றால் ஷங்கரை நான் சாமியாக்கி வைத்திருக்கவில்லை. மில்லர் சறுக்கினார் என்று ஒப்புக்கொண்டால், அவரைத் தலையில் வைத்துக்கொண்டாடிய என் வருடங்களும் சேர்ந்து சறுக்கிவிடும் என்று பயந்திருக்கிறேன். அந்தப் பயத்தில் முதல் புத்தகத்துக்கே துரோகம் செய்தேன். அதில் கிளவுஸ் ஜான்சனின் மை இருந்தது, லின் வார்லியின் மங்கலான வண்ணம் இருந்தது. இரண்டாவதில் வார்லி கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார், ஜான்சன் இல்லவே இல்லை. அட்டையில் மில்லர் பெயர் இருந்ததால் இதையெல்லாம் நான் பார்க்க மறுத்தேன். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பெயரும் தெரியாது. அவள் பக்கத்தை மட்டும் பார்த்தாள்.

படிப்பு முடிந்து அவள் மலையிறங்கிப் போய்விட்டாள். நேரில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பேட்மேன் அழவில்லை, அம்மா. டிக் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டையும் நான்தான் சேர்த்தேன். கேரியைப் பற்றி நீ சொன்னது முழுக்கச் சரி. அந்தப் புத்தகம் நன்றாக இல்லை. அது உனக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும்.