இடியை எங்கே வைப்பது?

வீட்டுக்குள் ஒரு புதுச் சாமான் நுழைகிறதென்றால், அது என்ன செய்யும் என்று ஆண்கள் கேட்பார்கள். அதை எங்கே வைப்பது என்று பெண்கள் கேட்பார்கள். கிரைண்டர் வந்தபோதும் இப்படித்தான், வாஷிங் மெஷின் வந்தபோதும் இப்படித்தான். மற்றச் சாமான்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு. சப்வூஃபர் என்ற பெட்டிக்கு மட்டும் இரண்டும் ஒரே கேள்வி. எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் அது பாடுவதும் படுத்துவதும்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். டெலிவிஷனோடு நாலைந்து ஒலிபெருக்கிகளைச் சேர்த்துக் கூடத்தையே சினிமாக் கொட்டகையாக ஆக்குகிறார்களே, அந்த ஹோம் தியேட்டரில் கனத்த ஒலியைக் கவனித்துக் கொள்வதற்கென்றே தனியாக ஒரு பெட்டி உண்டு. இடி, வெடி, ரயில் பாலத்தைக் கடக்கும் அதிர்ச்சி, தவில், மிருதங்கத்தின் தொப்பி எல்லாம் அதன் இலாகா. கணக்காகச் சொன்னால் வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 80, 100 அதிர்வு வரையில். அதற்கு மேற்பட்டதை மற்ற ஒலிபெருக்கிகள் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை ஆரம்பித்தவன் இன்ஜினீயரிங் படிக்கும் என் மகன். மந்தைவெளியில் மூன்றாவது மாடியில் எங்கள் ஜாகை. கூடம் 18 அடிக்கு 12 அடி.

"அம்மா, படத்துல குண்டு வெடிச்சா நம்ம நெஞ்சுல அடிக்கணும்" என்றான்.

"கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்து அடிப்பாங்க" என்றேன். அவர்கள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம் நிறையவில்லை. அது எப்போது தூங்கும், எப்போது விழிக்கும் என்பது எங்கள் படிக்கட்டு முழுவதற்கும் தெரிந்த சமாசாரம்.

இருந்தும் என் சீட்டுப் பணத்தை எடுத்து இந்தப் பெட்டிக்குக் கொடுக்க நான் சம்மதித்தேன். காரணம் குண்டு அல்ல, என் மாமனார்.

மாமாவுக்கு 81 வயது. பிறந்தது கும்பகோணத்துப் பக்கம், கோவிலுக்கு எதிர் வீட்டில். தொட்டிலிலேயே தவில் கேட்டு வளர்ந்தவர். சென்னைக்கு வந்த பிறகு மார்கழி மாதம் முழுவதும் சபாவிலேயே குடியிருப்பார். பாட்டைவிடத் தனி ஆவர்த்தனம்தான் அவருக்கு உயிர். மற்றவர்கள் காபி சாப்பிட எழுந்து போகும் நேரத்தில் அவர் நிமிர்ந்து உட்காருவார். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மைக் வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தவர் அல்லவா? அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். "தொப்பியிலே அவர் ஒரு கும்கி விட்டா, கடைசி வரிசை வரைக்கும் வரும்மா. மைக் எதுக்கு?" என்பார்.

இரண்டு வருஷமாக அவர் எங்கேயும் போவதில்லை. காது மந்தம். 'சாதம் போடட்டுமா?' என்றால் 'பாதத்துக்கு என்ன?' என்று கேட்பார். முதலில் பேரன் சிரித்தான், அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். கூடத்தில் நாங்கள் டெலிவிஷன் பார்க்கும்போது, "நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போய்விடுவார். வாங்கிக் கொடுத்த காதுக் கருவி மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அதைப் போட்டால் தட்டும் கரண்டியும் மோதும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறதாம்.

காது டாக்டர் ஆடியோகிராம் என்று ஒரு கோட்டுப் படம் கொடுத்திருந்தார். அதில் இடது ஓரம் 250 அதிர்வு, வலது ஓரம் 8,000. மாமாவின் கோடு இடது பக்கம் ஓரளவு சமதரையில் நடந்து, நடுவில் சரிந்து, வலது பக்கம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. வயதானவர்களுக்கு மேல் ஸ்தாயிதான் முதலில் போகுமாம். ச, ஸ, த போன்ற மெய்யெழுத்துக்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஆனால் இடது பக்கம் இன்னும் இருக்கிறதே! மகன் அந்தப் பெட்டியின் இலாகாவை எனக்கு விளக்கியபோது எனக்கு இந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது. "தொப்பி தாத்தாவுக்குக் கேட்குமாடா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்கும்மா. கேட்கலைன்னாலும் நாற்காலியிலே தெரியும்" என்றான்.

ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் காட்டிய பெட்டி ஒவ்வொன்றும் எங்கள் அரிசி டிரம் அளவு இருந்தது. சின்னதாக வேண்டும் என்றேன். சின்னதாக இருந்தால் ஆழம் வராது என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், ஒலி ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்சம் மின்சக்தியிலேயே உரக்கக் கேட்க வேண்டும் என்று மூன்று வரம் கேட்டால் இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மன் என்பவர் பெயரால் இதை 'இரும்பு விதி' என்றே சொல்லுகிறார்கள். ஒரு காலத்தில் கனத்த ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. 1954-ல் எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர் சிறு பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். அதிலிருந்து பெட்டி சுருங்க ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு கன அடிப் பெட்டிக்குள்ளேயே சில நூறு வாட் சக்தியுள்ள ஆம்ப்ளிஃபயரையும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மூன்று வரத்தில் மூன்றாவதை விட்டுக் கொடுத்து, அதை மின்சாரத்தால் ஈடு கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

சிறிய பெட்டியிலும் இரண்டு ஜாதி. துவாரம் வைத்தது ஒன்று, முழுக்க மூடியது ஒன்று. துவாரம் உள்ளது அதிகம் முழங்கும். சினிமாப் பிரியர்களுக்கு அது சரி. மூடியது அவ்வளவு முழங்காது, ஆனால் 'தொம்' என்றால் 'தொம்' என்று அதோடு நிற்கும், இழுக்காது. எங்களுக்கு வேண்டியது மிருதங்கம் ஆகையால் மூடியதையே எடுத்தோம். எட்டு அங்குல ஒலிபெருக்கி, முன்புறம் பார்த்தது. அடிப்புறம் பார்த்து முழங்கும் வகையும் உண்டு. தினமும் ஈரத் துணியால் துடைக்கும் வீட்டில் அது வேண்டாமென்று நான்தான் தடுத்தேன். இதில் எனக்கு எந்த விஞ்ஞானியின் சிபாரிசும் தேவைப்படவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்தது. டெலிவிஷன் பக்கத்து மூலையில் வைத்தான் மகன். மூலையில் வைத்தால் மூன்று பக்கமும் சுவர் தாங்கி ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். உண்மைதான், பெருக்கியது. சமையல் அறையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஆடின. ஷோகேஸில் கொலுச் செட்டியார் தம் பல்லை நறநறவென்று கடித்தார். ஆனால் பால்கனிக் கதவருகே மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், தொப்பியில் பாதி காணவில்லை!

இது எப்படி என்று கேட்பீர்கள். கனத்த ஒலியின் அலை நீளமானது. வினாடிக்கு 40 அதிர்வு என்றால் ஓர் அலை ஏறக்குறைய 28 அடி. எங்கள் 18 அடிக் கூடத்தில் அதற்குக் கால் நீட்டவே இடமில்லை. சுவரில் மோதித் திரும்புகிறது. போகிற அலையும் வருகிற அலையும் சில இடங்களில் கைகோத்துக் கொள்கின்றன, சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்து விடுகின்றன. எங்கள் கூடத்து நீளத்துக்கு 63 அதிர்வை ஒட்டிய ஒலி, சுவரிலிருந்து நாலரை அடி தூரத்தில் மாயமாகிவிடும். மாமாவின் நாற்காலி சரியாக அங்கேதான் இருக்கிறது. காற்றுக்காகப் போட்ட இடம். ஒலியை விசாரித்துக்கொண்டா போட்டோம்!

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கேட்கிறவர் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து, ஒலி எங்கே ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். பெட்டியும் காதும் இடம் மாற்றிக்கொண்டால் பலன் ஒன்றுதான் என்பது சாஸ்திரம். ஆகவே சாய்வு நாற்காலியில் சப்வூஃபர் கொலு வீற்றிருக்க, நானும் மகனும் முழங்கால் போட்டுக் கூடத்தைச் சுற்றினோம். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இவர் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். "என்ன தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டார். "63 அதிர்வு" என்றான் மகன். அவர் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தவழ்ந்ததில் இரண்டு நல்ல இடங்கள் அகப்பட்டன. ஒன்று செருப்பு ஸ்டாண்டு இருக்கும் இடம். மற்றது நாற்காலிக்கு நேர் பின்னால், ஒரு முழம் தள்ளி. செருப்பு ஸ்டாண்டை நகர்த்த முடியாதென்று நான் சொல்லிவிட்டேன். அப்படியானால் நாற்காலிக்குப் பின்னால்தான்.

டெலிவிஷன் ஒரு கோடி, இடி மறு கோடி என்றால் விபரீதமாக இராதா? இராது. 80 அதிர்வுக்குக் கீழே வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் எல்லையைச் சரியாக வைக்க வேண்டும். கடையிலிருந்து வந்தபோது அது 120-ல் இருந்தது. அப்போது ஆண் குரலின் அடிப்பகுதியும் இதற்குள் வந்துவிட்டதால், வில்லன் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உறுமினான். 80-க்குக் குறைத்ததும் திரைக்கே திரும்பிப் போனான். பின்புறம் 'ஃபேஸ்' என்று ஒரு சிறு விசை இருக்கும். அதை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்து, எதில் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிட வேண்டியதுதான். மற்றொரு தொல்லை ஒயர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டி வரைக்கும் சுவரடியை ஒட்டி ஓட்டினோம். ஊதுவத்தி ஸ்டாண்டு, பூச்சாடி எதையும் பெட்டியின் தலையில் வைக்கக் கூடாதென்று வீட்டில் உத்தரவு. வைத்தால் அவை நடக்கும்.

இந்த இடத்தில் வைத்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. பெட்டி மூலையில் இருந்தபோது மாமாவுக்குக் கேட்கும்படி வைத்தால் கீழ் வீட்டுக்கும் கேட்டது. கனத்த ஒலி சுவரையும் தளத்தையும் லட்சியம் செய்யாது. ரப்பர் கால் போட்டால் பெட்டியின் நடுக்கம் தரையில் இறங்குவது குறையும். ஆனால் காற்று வழியாகப் போவதை ரப்பர் என்ன செய்யும்? காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாலோ கத்த வேண்டிய அவசியமே இல்லை. முன்பிருந்ததில் மிகவும் குறைத்து வைத்தே மாமாவுக்கு நிறையக் கேட்டது. நானே கீழே போய், தூளியருகில் உட்கார்ந்து சோதித்தேன். மகன் மேலே இருந்து மிருதங்கம் வைத்தான். குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கிற்று. மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. "எப்ப ஆரம்பிக்கப் போறான்?" என்றார்கள் கீழ் வீட்டு அம்மா. ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். 1948-ல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைத்தான் மகன் முதலில் போட்டான். தாத்தா காலத்துப் படம், அத்தனை முரசுகள், வேறென்ன வேண்டும் என்பது அவன் எண்ணம். மாமா அசையவே இல்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் அடி ஒலி அதிகம் ஏறவில்லை. பதிவில் இல்லாததைப் பெட்டி எங்கிருந்து கொண்டு வரும்? எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. சீட்டுப் பணம் போனால் போகிறது, மறுபடியும் "நீங்க பாருங்க" என்று எழுந்துவிடுவாரோ?

"சமீபத்திய கச்சேரி ஏதாவது போடுடா. தனி இருக்கிறதா பார்" என்றேன்.

வலந்தலையின் நாதம் அவரை எட்டிற்றோ இல்லையோ தெரியாது. தொப்பி பேச ஆரம்பித்ததும் மாமாவின் வலது கை தொடைக்கு வந்தது. ஒரு விரல், இரண்டு விரல், வீச்சு. கண்ணை மூடிக்கொண்டு ஆதி தாளம் போட்டுக்கொண்டே போனார். நடுவில் ஒருமுறை, "ரவை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். தொப்பியின் சுருதியை இறக்க அதன் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அதைப் பற்றிச் சொல்லுகிறார்! மோராவில் கை சரியாகச் சமத்துக்கு வந்து விழுந்தது. இவர் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்துவிட்டார்.

வசனம் அவருக்கு இப்போதும் விளங்குவதில்லை. அதற்கு இந்தப் பெட்டியால் உபகாரம் கிடையாது. அடி ஒலியை அதிகம் வைத்தால் அது பேச்சை மூடி இன்னும் கெடுக்கும். அதனால் படம் பார்க்கும்போது பெட்டியைத் தணித்து, நடு ஒலிபெருக்கியை உயர்த்தி, திரையின் கீழே எழுத்து ஓட விடுகிறோம். கச்சேரி என்றால் தாத்தா சொல்லுகிற அளவு.

ஆனால் மகனுக்கு இப்போது ஒரு குறை. குண்டு நன்றாக வெடிக்கிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது சாய்வு நாற்காலி. சனிக்கிழமை ராத்திரி அதன் காலடியில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு, "தாத்தா, பத்து நிமிஷம் மாத்திக்கலாமா?" என்று கெஞ்சுகிறான். மாமாவுக்கு அது மட்டும் காதில் விழுவதே இல்லை.