வெடிகாப்புப் பெட்டியும் மனித உயிரும்

'வெடிகாப்புக் கமரா' என்ற தொடரை முதன்முதலாக நாம் கேட்டது எம்மிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவனின் வாயிலிருந்துதான். வளைகுடா நாடொன்றின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ், கமராக்களைப் பொருத்துவதும் பராமரிப்பதும் அவன் தொழில். விடுமுறையில் ஊருக்கு வந்தவன் எம்மைக் காண வந்திருந்தான்.

எத்தகைய வெடிவிபத்திலும் உடையாத கமரா என்றே நாம் பொருள் கொண்டோம். சொற்களுக்குப் பொருள் கூறுவதையே பிழைப்பாகக் கொண்ட எம்மை அவன் திருத்தினான்.

"அப்பிடி இல்லை, சேர். வெளியில பெரிசா வெடிச்சால் அதுவும் போகும். பெட்டிக்குள்ள வெடிச்சால் நெருப்பு வெளியில வராது. அதுக்குத்தான் அந்தப் பெட்டி."

எண்ணெய் ஆவி கலந்த காற்று காலப்போக்கில் பெட்டிக்குள் புகுந்துவிடக்கூடும். கமராவினுள் எழும் சிறு மின்பொறி அதைப் பற்றவைக்கக்கூடும். அவ்வாறு நேர்ந்தாலும் வெடிப்பு உள்ளேயே அடங்கவேண்டும் என்பதே பெட்டியின் நோக்கம். தடித்த உலோகச் சுவரும் கண்ணாடியும் அழுத்தத்தைத் தாங்குகின்றன. மூடியும் பெட்டியும் சந்திக்கும் அகன்ற விளிம்புகளுக்கிடையே மயிரிழை போன்றதோர் இடைவெளி மட்டுமே உண்டு. அதனூடாக வெளியேறும் சுடுவாயு, உலோகத்திடம் வெப்பத்தை இழந்து, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்கும் வலுவை இழந்துவிடுகிறது.

ஆகவே பெட்டியின் உயிர் அவ்விளிம்பில் இருக்கிறது. அதில் ஒரு கீறல் விழலாகாது, வர்ணம் பூசலாகாது. கம்பி நுழையும் துவாரம் அதற்கெனச் சோதித்த பொருத்தியினால் இறுக்கப்படவேண்டும். திறப்பதற்கு முன் வேலை அனுமதிச்சீட்டு வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும், காற்றில் வாயு உண்டா எனச் சோதிக்கவேண்டும். மூடும்போது ஒரு போல்ட்டும் குறையலாகாது. குறைந்தால் அழுத்தத்தில் மூடி விலகும், இடைவெளி அகலும், தீ வெளியே பாயும்.

இத்தனையும் உற்சாகமாகச் சொல்லிவந்தவன் இவ்விடத்தில் சற்றுத் தயங்கினான். ஒருநாள் எட்டுப் போல்ட்டுகள் கொண்ட மூடியொன்றில் இரண்டின் புரிகள் தேய்ந்திருந்தன. அதே வலிமையுள்ள மாற்றுப் போல்ட்டுகள் களஞ்சியத்தில் இல்லை. நிலையத்தை மறுநாள் இயக்கவேண்டும் என்ற அவசரம். ஆறுடன் மூடிவிட்டுக் கையொப்பமிடும்படி மேற்பார்வையாளர் பணித்தார். இவன் மறுத்தான். வேறொருவர் ஒப்பமிட்டார். அடுத்த இரு மாதங்களும் இவனுக்கு மேலதிக நேர வேலை கிடைக்கவில்லை. முகவருக்குப் பணம் கட்ட வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

"கட்டுப்பாட்டு அறையில இருந்து அந்தக் கமராவால வால்வையும் பாப்பினம், எங்களையும் பாப்பினம். ஆனா அந்த ரெண்டு போல்ட்டை ஒருத்தரும் பாக்கேல்லை, சேர்."

அவன் சென்றபின் பழைய சுரங்க விளக்கின் கதை எம் நினைவில் எழுந்தது. 1812 இல் வட இங்கிலாந்தின் ஃபெலிங் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 92 பேர் மாண்டனர். 1815 இல் ஹம்ஃபிரி டேவி, சுடரைக் கம்பிவலையால் சூழ்ந்த காப்பு விளக்கை ஆக்கினார். சுடரின் வெப்பத்தை உலோகம் உறிஞ்சிக்கொள்ளும் என்ற அதே தத்துவம்தான். அதற்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை. ஆயினும் விளக்கு கைக்கு வந்ததும், ஆபத்தானவை என்று கைவிடப்பட்டிருந்த குடைவுகளுக்குள்ளும் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். விஞ்ஞானி உயிருக்காகத் தந்ததை உடைமையாளர் உற்பத்திக்காக எடுத்துக்கொண்டனர்.

அது பழங்கதை என்று ஒதுக்கவும் இயலவில்லை. 2005 மார்ச் 23 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் சிற்றிச் சுத்திகரிப்பு நிலையத்தில் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். கோபுரமொன்றில் திரவம் அளவுமீறி ஏறியபோது மட்டங்காட்டும் கருவி பிழையாகக் காட்டியது. எச்சரிக்கை மணியொன்று ஒலிக்கவில்லை. இயந்திரம் ஓடியபடி நின்ற வாகனமொன்று ஆவியைப் பற்றவைத்திருக்கலாம் என விசாரணை கண்டது. செலவுக்குறைப்பும் பராமரிப்புக் குறைபாடும் காரணங்களுள் அடங்கின. மாண்டவர் அனைவரும் தற்காலிக அலுவலக ட்ரெய்லர்களிலும் அவற்றின் அருகிலும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

விஞ்ஞானத்தின் மீது எமக்குக் குறையில்லை. மனிதன் நெருங்கலாகாத இடத்தில் அவனுக்குப் பதிலாக நின்று பார்க்கும் கமரா நல்ல பொருளே. ஆனால் அப்பெட்டி சான்றிதழால் மட்டும் காவலாவதில்லை. எட்டாவது போல்ட்டையும் இறுக்கும் கையும், அது இல்லாதபோது 'மூடமாட்டேன்' என்று சொல்லும் வாயும் வேண்டும். அவ்வாறு சொல்பவனின் ஊதியம் குறைக்கப்படாதிருக்க அவனுக்குப் பின்னே ஒரு சங்கமும் சட்டமும் வேண்டும். தனியொருவனின் நேர்மையில் எத்தனை பேரின் உயிரைத் தொங்கவிடுவது?

விடைபெறும்போது, "நான் செய்தது சரிதானே, சேர்?" என்று அவன் கேட்டான். "சரிதான், தம்பி" என்றோம். அறம் பற்றி வகுப்பில் எத்தனையோ பாடல்களுக்கு உரை கூறியிருக்கிறோம். அதன் விலையை ஒருநாளும் நாம் கொடுத்ததில்லை. அதனால் அதற்குமேல் எதுவும் சொல்ல எமக்கு நா எழவில்லை.