களவுபோன வயலின் யாருடையது?

ஒரு துப்பறியும் நாவலில் திருடியது யார் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிட்டால், மீதியை எதற்காகப் படிக்கணும்? ப்ரெண்டன் ஸ்லோகம் எழுதி 2022-ல் வெளிவந்த ‘த வயலின் கான்ஸ்பிரஸி’ படிக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு வந்தது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. (திருடன் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, பயப்படாமல் மேலே படிக்கலாம்.)

ரே மக்மில்லியன் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பின இளைஞன். மாஸ்கோவில் நடக்கும் சைகோவ்ஸ்கி போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். மேற்கத்திய செவ்வியல் இசையில் அதைவிடப் பெரிய போட்டிகள் அதிகம் இல்லை. அந்த நேரம் பார்த்து வயலின் பெட்டியைத் திறந்தால் உள்ளே வயலின் இல்லை. ஒரு ஷூவும், மிரட்டல் கடிதமும்தான் இருக்கின்றன. 50 லட்சம் டாலரை பிட்காயினில் கேட்கிறார்கள். காணாமல் போனது அவன் பாட்டி பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய வயலின். அழுக்கைச் சுத்தம் செய்து பார்த்த பிறகுதான் அது ஸ்ட்ராடிவேரியஸ் என்றே தெரியவந்தது.

இதெல்லாம் நாவலாசிரியரின் கற்பனை மட்டும்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 1936-ல் நியூயார்க் கார்னகி ஹாலின் ஒப்பனை அறையிலிருந்து ப்ரோனிஸ்லாவ் ஹூபர்மனின் ஸ்ட்ராடிவேரியஸ் திருடப்பட்டது. அதை வைத்திருந்த ஜூலியன் ஆல்ட்மன் என்ற வயலின்காரர் ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அதிலேயே வாசித்துப் பிழைத்தார். 1985-ல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். இன்று அதை ஜோஷுவா பெல் வாசிக்கிறார். ரோமன் டோடன்பெர்க்கின் வயலின் 1980-ல் போனது, 2015-ல் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்பே, 101 வயதில், அவர் இறந்துவிட்டார். 2014-ல் மில்வாக்கியில் கச்சேரி முடிந்து வெளியே வந்த ஃப்ராங்க் ஆல்மண்டை ஸ்டன் கன்னால் வீழ்த்தி வயலினைப் பறித்தார்கள். அது சில நாட்களிலேயே மீண்டது.

இந்த வழக்குகளில் ஒரு விஷயம் பொது. ஸ்ட்ராடிவேரி செய்தவற்றில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 650 கருவிகள். முக்கியமான ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, புகைப்படம் உண்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு உண்டு. திருடிக்கொண்டு போய் விற்க முடியாது. ஒளித்து வைக்கலாம், ஆல்ட்மன் மாதிரி வாசிக்கலாம், இல்லையென்றால் உரியவரிடமே பணம் கேட்கலாம். ஸ்லோகம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கேதான் நாவல் உண்மையில் தொடங்குகிறது. பணம் கேட்டால் யாரிடம் கேட்பது? உரியவர் யார்? ரேயின் சொந்தக் குடும்பமே ‘வித்துட்டுப் பங்கு கொடு’ என்கிறது. இன்னொரு பக்கம் மார்க்ஸ் என்ற வெள்ளைக்காரக் குடும்பம் வழக்குப் போடுகிறது. ரேயின் மூதாதையை அடிமையாக வைத்திருந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். ‘இது எங்கள் வீட்டுச் சொத்து, திருடப்பட்டது’ என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனையே சொத்தாக வைத்திருந்தவர்களின் வம்சம், அவனிடமிருந்த மரக்கருவியைத் திருட்டுப்பொருள் என்கிறது.

என் வேலையில் ஏதாவது உடைந்தால் முதலில் லாகைத் திறப்போம். எந்த நேரத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்று அது சொல்லிவிடும். ஆனால் எழுதப்பட்டது மட்டும்தான் லாகில் இருக்கும். அமெரிக்கத் தென்மாநில அடிமைச் சட்டங்களின்படி அடிமைக்குச் சொத்துரிமை கிடையாது, பெரும்பாலான இடங்களில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். பிறகு அவன் எந்த ரசீதைக் காட்டுவான்? ஒரு தரப்பிடம் குடும்ப ஆவணங்கள் இருக்கலாம், இன்னொரு தரப்பிடம் பாட்டி சொன்ன கதைதான் இருக்கும். எந்தச் சாட்சி செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் முதல் தரப்பின் பக்கமே நின்றிருக்கிறது. இந்த நாவலின் நிஜமான மர்மம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்கள் 2014 கணக்குப்படி 2 சதவீதத்துக்கும் குறைவு. தேர்வின்போது திரை கட்டி, ஆளைப் பார்க்காமல் வாசிப்பை மட்டும் கேட்கும் முறை பல ஆர்கெஸ்ட்ராக்களில் உண்டு. காலடிச் சத்தம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கம்பளம்கூட விரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரை வரைக்கும் வந்து சேர வேண்டுமே. கல்யாண வீட்டில் வாசிக்கப் போன ரேயை நிறத்துக்காக அவமதிக்கிறார்கள். கச்சேரிக்குப் போகிற வழியில் போலீஸ் அவன் காரை மறிக்கிறது. வயலினும் கையுமாக நிற்பவனைப் பார்த்ததும் ‘இது எப்படி உன்னிடம்?’ என்ற சந்தேகம் எழுகிறது. ஸ்லோகமும் வயலின் கலைஞர், இசை ஆசிரியராக இருந்தவர். ரேக்கு நடந்தவற்றில் பல தனக்கே நடந்தவை என்று புத்தகத்தின் இறுதியில் எழுதியிருக்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரேயின் அம்மா கிட்டத்தட்ட சினிமா வில்லி, அவருடைய தரப்பு நியாயம் கடைசிவரை வரவே இல்லை. புலன்விசாரணைப் பகுதிகள் மெலிந்தவை. துப்பறியும் கதையின் சூட்சுமத்துக்காக மட்டும் படிப்பவர்கள் ஏமாறலாம். ஆனால் ரே பயிற்சி செய்யும் பக்கங்களை வாசித்துப் பாருங்கள். வில்லின் எடை, விரல் நுனியின் வலி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பிடிவாதம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. கருவியோடு வருஷக்கணக்கில் வாழ்ந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

வழக்கமான துப்பறியும் கதையில் பொருள் உரியவரிடம் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடும். இங்கே அப்படியில்லை. திருடனைப் பிடித்தாலும் ‘உரியவர்’ என்ற சொல் விசாரணையிலேயே நிற்கிறது. பாட்டியின் சொல்லைச் சாட்சியாக ஏற்காத உலகத்தின் முன்னால், மேடையில் நின்று வாசித்துக் காட்டுவதைத் தவிர ரேயிடம் வேறு பத்திரம் எதுவும் இல்லை.